பொருநைக் கரையும் பந்திப் பேதமும்

ஆற்றங்கரைக்குச் சென்று நீராடி, உண்டு, ஒரு பகலைக் கழித்துவிட்டு மாலையில் வீடு திரும்புவது தமிழ் மக்களுக்குப் புதிய பழக்கமன்று. அருவியைப் பாடிய புலவர் நம்மிடையே பலர். சோலையைப் பாடியோரும் பலர். ஆனால், நீராடிப் பசித்த வயிற்றோடு கரையேறிய மனிதன் எங்கே உட்கார்ந்து உண்டான், எந்தப் பந்தியில் அவனுக்கு இலை போட்டார்கள், எந்தப் பந்தியிலிருந்து அவனை எழுப்பினார்கள் என்பதைச் சொல்லிவைத்தவர் மிகச் சிலரே. தென்பாண்டி நாட்டுப் பொருநையாற்றுப் பள்ளத்தாக்கை முன்வைத்து அக்கதையை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம். மலாய் நாட்டுத் தமிழர் அனுப்பிய பணமும் அக்கதையில் இடம் பெறுகின்றது. ஆதலால் அது நமக்கு அயலான கதையன்று.

பொருநை எனினும் தாமிரபரணி எனினும் ஒன்றே. பொதிகை மலையிற் பிறந்து, பாபநாசத்தில் மலையை விட்டிறங்கி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் முதலிய ஊர்களைத் தழுவிப் புன்னைக்காயலருகே கடலிற் கலக்கின்றது. அதன் நீளம் ஏறக்குறைய 128 கிலோமீட்டரே. காவிரியோடு ஒப்பிட்டால் இது சிற்றாறுதான். எனினும் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதற்கு நீர் தருகின்றன. எட்டு அணைக்கட்டுகள் அந்நீரைக் கால்வாய்களில் திருப்பிவிடுகின்றன. ஆற்றின் கீழ்ப்பகுதியைச் சார்ந்த சிவகளையில், முதுமக்கள் தாழி ஒன்றனுள் கிடைத்த நெல்லுமி ஏறக்குறைய 3,200 ஆண்டுப் பழமையுடையதென 2021இல் தமிழ்நாட்டரசு அறிவித்தது. இறந்தவனுக்கும் நெல் வைத்து வழியனுப்பிய பள்ளத்தாக்கு இது. இங்கே சோற்றுக்கு வறுமை இருந்திருக்கலாம். நெல்லுக்கு வறுமை இருந்ததில்லை.

இப்பள்ளத்தாக்கின் மக்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டு ஆற்றோரம் தங்கும் நாட்களில் பெரியது ஆடி அமாவாசை. பாபநாசத்திற்கு மேலே காரையாற்றுக் காட்டினுள் சொரிமுத்து ஐயனார் கோயில் இருக்கின்றது. அங்கே மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று, ஆற்றோரத்தில் குடில் அமைத்துத் தங்கி, ஆடும் கோழியும் அறுத்து, கல்லைக் கூட்டி அடுப்பாக்கிச் சமைத்து உண்பர். சிங்கம்பட்டி ஜமீன்தார் அரச உடையுடன் அவ்விழாவில் வீற்றிருப்பது நெடுநாள் வழக்கம். ஜமீன் முறை ஒழிந்த பின்னரும், 2020இல் மறைந்த முருகதாஸ் தீர்த்தபதி அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. ஜமீன் ஆடம்பரத்தில் நமக்கு நாட்டமில்லை. ஆற்றங்கரையில் எரிந்த அந்த அடுப்புகளே நம் கருத்தைக் கவர்கின்றன. அவை அவரவர் சொந்த அடுப்புகள். பானையும் அரிசியும் விறகும் வீட்டிலிருந்தோ காட்டிலிருந்தோ வந்தவை. பிறர் போடும் இலைக்காக அங்கே எவரும் காத்து நிற்கவில்லை.

கட்டுச்சோற்றின் பெருமையைப் பேசுவோர் அதன் சுவையைப் பற்றியே பேசுகின்றனர். புளிச்சோற்றை வாழையிலையில் கட்டி, அதைப் பனையோலைப் பெட்டியில் வைத்து, அருவிக் கரையில் அவிழ்க்கும்போது எழும் மணத்தை நாமும் மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பெட்டியைத் தலையிற் சுமந்து காத வழி நடந்த பெண், சுவைக்காக மட்டும் அதைச் சுமக்கவில்லை. வழியில் அவள் காசு கொடுத்தாலும் உட்கார வைத்துச் சோறு போட ஓர் இடமில்லை. பெரும்பாலான தமிழர்க்குக் கட்டுச்சோறு ஒரு கட்டாயமாக இருந்தது. அதன் பின்னரே அது ஒரு வாடிக்கையாயிற்று.

சத்திரங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தன. அவற்றைக் கட்டிய அரசரையும் செல்வரையும் நாம் பழிக்கவில்லை. வழிப்போக்கனுக்கு நிழல் தந்தவர் எவராயினும் நன்றிக்குரியவரே. ஆனால், சத்திரத்து அடுக்களையிற் சமைத்த சோறு பல இடங்களில் பிராமணர்க்கே உரியதாயிருந்தது. மற்றவர்க்குத் திண்ணையும் கிணற்றடியும் உண்டு; இலை இல்லை. தீண்டாதார் எனப்பட்டவர்க்குத் திண்ணையும் இல்லை. பள்ளத்தாக்கின் மேற்கெல்லைக்கு அப்பால், திருவிதாங்கூர் அரசு ஊட்டுப்புரைகள் என்னும் அன்னசாலைகளை நடத்தியது. உழவனின் வரிப்பணத்தில் நடந்த அச்சாலைகளில் இலவசமாக உண்டவர் பிராமணர் மட்டுமே. வரி கொடுத்தவன் வாயிலுக்கு வெளியே நின்றான். இதற்குத் தருமம் என்று பெயர்!

இவ்வநீதிக்கு விடை கண்டோரும் இருந்தனர். பள்ளத்தாக்கிற்கு வடக்கே, சிவகாசி முதலான ஊர்களில் வணிகம் செய்த நாடார் சமூகத்தார், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே ‘பேட்டை’ என்னும் தங்குமிடங்களை வழியிடையே அமைத்துக்கொண்டனர். மதில் சூழ்ந்த அவ்விடத்தில் வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாக நிற்கும். செலவுக்கு ‘மகிமை’ என்ற பெயரால் சரக்கின் மீது ஒரு சிறு தொகை தண்டினர். பிறர் கதவைத் தட்டிக்கொண்டு நில்லாமல் தாமே ஒரு கதவை ஆக்கிக்கொண்ட அச்செயலை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் அதுவும் ஒரு சாதியின் கதவே.

அதே காலத்தில் சாதி பாராத ஒரு வழியும் அப்பள்ளத்தாக்கில் திறந்தது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைக் கடக்க ஓடத்தையே நம்பியிருந்த மக்களுக்காக, கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராயிருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பாலம் கட்டுவித்தார். 1843இல் திறக்கப்பட்ட அப்பாலம் இன்றும் அவர் பெயரால் நிற்கின்றது. பாலத்தில் முதற்பந்தி, இரண்டாம் பந்தி என ஏதுமில்லை.

நிற்க. உல்லாசப் பயணம் என்பது பொதுமக்கள் பழக்கமாக வளர இரண்டு தேவை: விடுமுறை நாளும் வண்டியும். 1880களில் ஆர்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையைக் கொண்டு, அதன் அடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்தில் நூலாலை நிறுவினர். தொழிற்சாலைகளில் வாரம் ஒரு நாள் ஓய்வு தரவேண்டுமென்று 1891ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பால்மரத் தோட்டத்தில் தப்பு ஒலிக்கும் மணியொலிக்கும் எழுந்து பழகிய நம் தொழிலாளர்க்கு அந்த ஒரு நாளின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. அடுத்து வந்தது புகைவண்டி. திருநெல்வேலியிலிருந்து மேற்கே போட்ட இருப்புப்பாதை கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டை வழியே மலையைக் குடைந்து சென்று 1904இல் கொல்லத்தை எட்டியது. அதுவரை மாட்டுவண்டி உடையவர்க்கும் பல்லக்கு உடையவர்க்கும் எளிதாயிருந்த குற்றாலம், மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்குவோர்க்கும் எட்டியது.

குற்றாலத்து அருவிகள் சிற்றாற்றுக்கு உரியவை. சிற்றாறு சீவலப்பேரியருகே பொருநையிற் சேர்வது. ஆனி முதல் ஆவணி வரை, செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று புகுந்து சாரலைத் தூவும். வெள்ளைக்கார அதிகாரிகள் அங்கே பங்களா கட்டி வெயிற்கு ஒதுங்கினர். கும்பினியார் சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்ததும் அம்மலையடிவாரத்தில்தான். பினாங்கில் அவர்கள் செய்து பார்த்த அதே முயற்சி. திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய மலை, இவ்வாறு துரைகளுக்கும், வக்கீல்களுக்கும், பின்பு பள்ளி ஆசிரியர்க்கும், ஆலைத் தொழிலாளிக்கும் பொழுதுபோக்கு இடமாயிற்று. அருவிக்கடியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது துரைத்தன உத்தியோகம் தலையிலிருந்து வழிந்தோடும் என்பர். பூணூல் மட்டும் வழிந்தோடவில்லை.

வண்டி வந்த இடமெங்கும் காபி கிளப்பும் வந்தது. இதுவே நம் கதையின் மையம். காசு கொடுத்தவன் எவனாயினும் உண்ணலாம் என்பதே கடையின் இலக்கணம். தமிழ்நாட்டுக் காபி கிளப்போ, கடையாகவும் இருந்தது, அக்கிரகாரத்து அடுக்களையாகவும் இருந்தது. உள்ளறை பிராமணாளுக்கு, வெளிக்கூடம் இதராளுக்கு. ஒரே அண்டாவில் காய்ச்சிய காபி, ஒரே விலை, இடையில் ஒரு தட்டி. தாழ்த்தப்பட்டோர் உள்ளே வரலாகாது என்ற பலகையும் பல கடைகளில் தொங்கியது. பிராமணரல்லாதார் உண்ட இலையை அவரே எடுத்தெறிய வேண்டும் என்னும் வழக்கமும் இருந்தது. எச்சிலுக்கும் சாதி கண்ட நாடு நம்முடையது. புகைவண்டி நிலையத்து உணவுச்சாலைகளிலும் இதே தட்டி, இதே பலகை. வண்டியின் ஒரே பலகை இருக்கையில் தோளோடு தோள் உரசி நூறு கல் வந்தவர்கள், நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் சோறுண்ணப் பிரிந்து சென்று, மீண்டும் வந்து அதே பலகையில் உரசி உட்கார்ந்தார்கள். இதைவிடப் பெரிய நகைச்சுவையை நாடக மேடையில் நாம் கண்டதில்லை.

இந்நிலையில்தான் சேரன்மாதேவிக் குருகுலம் எழுந்தது. வ.வே.சு. ஐயர் எளிய மனிதரல்லர். இலண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குச் சென்று, புரட்சியாளரோடு சேர்ந்து, பட்டம் பெறாமலே தப்பி, புதுச்சேரியில் ஆண்டுகள் பல அடைக்கலமிருந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். கம்பனின் கவித்திறத்தை ஆராய்ந்தவர். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி. அவர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கிப் பின்னர் ஆற்றின் தென்கரையிலுள்ள சேரன்மாதேவிக்கு அதை மாற்றினார். தமிழ் வழிக் கல்வி, உடலுழைப்பு, நாட்டுப்பற்று ஆகியவையே நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்பி, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. செட்டிநாட்டுச் செல்வரும் கொடுத்தனர். மலாய் நாட்டுத் தமிழரும் பொருளனுப்பினர். அவர்கள் அனுப்பிய பணம், கடல் கடந்து வந்து உழைத்துச் சேர்த்த பணம். சாதிவாரியாக லயன்களைப் பிரித்து வைத்திருந்த தோட்டங்களைக் கண்ணாற் கண்டவர்கள் அவர்கள். தாய்நாட்டிலாவது புதிய தலைமுறை ஒன்றாக உண்டு வளரட்டும் என்று அவர்களிற் பலர் எண்ணியிருப்பார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

ஆனால், குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர் தனியே உண்டனர். பெற்றோரின் வேண்டுகோளுக்கு இசைந்து ஐயர் அதை ஏற்றிருந்தார். செய்தி வெளிவந்ததும் நாடு கொதித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழில் போர் தொடுத்தார். ஈ.வெ. இராமசாமியார் காங்கிரசினுள்ளேயே நின்று கேள்வி எழுப்பினார். இரண்டு சிறுவர் தனியே உண்டால் உலகம் முழுகிவிடுமா என்று அன்று கேட்டவர் உண்டு. இன்றும் கேட்பவர் உண்டு. நாம் கூறுவது இது: பந்தி சிறியதா பெரியதா என்பதல்ல கேள்வி. வீட்டில் அவரவர் விருப்பம்போல் உண்ணலாம். சத்திரம் அதைக் கட்டியவன் விருப்பம் என்றுகூட ஒருவர் வாதிடலாம். குருகுலமோ பொதுமக்கள் பணத்தில் எழுந்தது. அங்கே கற்பிக்கப்படும் முதற்பாடம் நூலில் இல்லை. உணவு மணி அடித்ததும் சிறுவர் எந்தப் பக்கம் திரும்பி நடக்கின்றனர் என்பதில் இருக்கின்றது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அந்தப் பாடத்தை மறக்கவே மாட்டான்.

1925 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தியடிகள், அந்த இருவர் மட்டும் பெற்றோர்க்குக் கொடுத்த வாக்கின்படி இருக்கட்டும்; இனி வருவோர் எல்லாரும் ஒன்றாகவே உண்ணவேண்டும் என்னும் நடுவழியைக் கூறினார். அதனால் எவர்க்கும் நிறைவு உண்டாகவில்லை. ஏப்ரலில் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டி கூடியபோது, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் தீர்மானத்தை எஸ். இராமநாதன் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. இராஜாஜியும் அவரைச் சார்ந்தோரும் கமிட்டியை விட்டு விலகினர். ஐயரும் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். அவ்வாண்டு மே மாதம் ‘குடி அரசு’ பிறந்தது. ஆண்டு முடிவதற்குள் இராமசாமியார் காங்கிரசை விட்டே வெளியேறினார். ஒரு சிற்றூர்ப் பள்ளியின் உணவுப் பந்தி ஒரு மாகாணத்தின் அரசியலையே இரண்டாகப் பிளந்தது.

அதற்கு முன்னரே, ஜூன் மாதத் தொடக்கத்தில், ஐயர் குருகுலத்துச் சிறுவர்களைப் பாபநாசத்து அருவிக்கு உலாவ அழைத்துச் சென்றார். உடன் சென்ற அவர் மகள் சுபத்திரை நீரோட்டத்தைத் தாண்ட முயன்று தவறி விழுந்தாள். மகளைக் காக்கப் பாய்ந்த தந்தையையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. அவருக்கு வயது 44. அவர் கொள்கையை எதிர்த்தோரும் அன்று கண்ணீர் விட்டனர். அவர் பந்தியை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அவர் தமிழுக்குச் செய்தவற்றை அந்த ஒரு பந்தியைக் கொண்டு அழித்துவிடுவதும் நேர்மையாகாது. அருவிக் கரைக்குச் செல்லும் சிறுவர் கூட்டத்தைக் காணும்போதெல்லாம் அவர் நினைவு வரத்தான் செய்கிறது.

அதன்பின் சட்டங்கள் மெல்ல நடந்தன. எம்.சி. இராஜாவின் முயற்சியால் 1938இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டம், பொது ஆறு, கிணறு, குளம், வண்டி ஆகியவற்றில் தாழ்த்தப்பட்டோர்க்கு உரிமை உண்டென்றது. ஆறும் சட்டத்தில் இடம் பெற வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆற்றுத்துறையிலும் சாதிக்கொரு படித்துறை வகுத்திருந்தோம். நெடுநாட் கிளர்ச்சியின் பின், 1941இல் புகைவண்டி நிலைய உணவுச்சாலைகளின் தட்டிகள் நீங்கின. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, உணவு விடுதியையும் நீராடு துறையையும் ஒன்றாகவே எடுத்துக் கூறி, இரண்டிலும் எவரையும் சாதி காரணமாக விலக்கலாகாது என்றது. குளிக்கும் படியும் உண்ணும் இலையும் ஒரே பிரிவில் வந்தது தற்செயலன்று. தண்டனை விதிக்கும் சட்டம் 1955இல் வந்தது. பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அழிப்பதற்கோ, 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் மாதக்கணக்காக மறியல் செய்ய வேண்டியிருந்தது.

சட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில், குற்றாலத்தில் ஒரு வீட்டில் இலை எப்போதும் போட்டபடியே இருந்தது. இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1954இல் மறையும்வரை அங்கே வாழ்ந்தார். கம்பன் பாட்டைக் கேட்க வந்தவர் சாப்பாட்டின் சிறப்பையும் சேர்த்தே எழுதிச் சென்றனர். இராஜாஜியும் கல்கியும் அவ்வீட்டு விருந்தினர். பாட்டும் பந்தியும் ஒரே கூடத்தில் நடந்தன. ஆனால், அழைக்கப்பட்டவர்க்கே அது விருந்து. அருவியில் நனைந்து தெருவோடு போகிறவனுக்குக் கடையே வேண்டும்.

அந்தக் கடைகள் இன்று நிறைந்திருக்கின்றன. திருநெல்வேலி அல்வாவைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தால் நேயர்கள் மன்னிக்கமாட்டார்கள். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் கொண்டு கிளறும் அதன் சுவைக்குப் பொருநை நீரே காரணம் என்பர். கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கும் அதையே கூறுவர். நீரைப் புகழ்வதில் தடையில்லை. கொதிக்கும் வாணலியின் முன் மணிக்கணக்காக நின்று துடுப்புப் பிடிப்பவன் தோளையும் அப்பளம் இடும் பெண்ணின் கையையும் இடையே ஒரு சொல் புகழ்ந்தால் என்ன? பாபநாசத்திலோ, பரிகாரம் என்ற பெயரால் உடுத்த துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் பெருகிவிட்டனர். பாவம் போயிற்றோ அறியோம். துணி மூட்டை மூட்டையாக ஆற்றடியிலே கிடக்கின்றது, அதைத் தொண்டர்கள் வாரி எடுக்கிறார்கள்.

சிற்றூர்த் தேநீர்க் கடைகள் சிலவற்றில் இரட்டைக் குவளை இந்த நூற்றாண்டிலும் இருந்ததைக் கள ஆய்வுகள் எடுத்துக்காட்டின. பெரிய சாலையிலோ காட்சி வேறு. செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் வரை மலையாளச் சீமையோடு இருந்தது. அதனால் குற்றாலத்திற்கும் செங்கோட்டைக்கும் இடையே பிரானூரில் எல்லைச் சாவடி இருந்தது. எல்லை அழிந்தது; ‘பார்டர்’ என்னும் பெயர் நின்றது. அங்குள்ள முசுலிம் உணவுக்கடைகளின் பரோட்டா இன்று நாடறிந்த பண்டம். சிங்கப்பூரில் பிராட்டா என்றும், மலேசியாவில் ரொட்டி சானாய் என்றும் நாம் உண்பதற்கு உறவினது. அப்பக்கத்துத் தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் புறப்பட்ட முசுலிம் தமிழர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் குடியேறியதை நேயர்கள் அறிவார்கள். சாரற்காலத்து ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஈரத்தலையோடு அருவியிலிருந்து வந்தவர்கள் அக்கடைகளில் நெருக்கியடித்து உட்காருகிறார்கள். வாழையிலை விழுகிறது, பிய்த்த பரோட்டாவின் மேல் கோழிச் சாறு விழுகிறது. பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்க எவர்க்கும் நேரமில்லை. அந்த இடம் எப்போது காலியாகும் என்று முதுகுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் நின்றுகொண்டிருக்கிறது.